இணையவழிப் படிப்புச் சான்றிதழ்களை எந்த அளவுக்கு நம்பலாம்? தம்பிக்காகக் கேட்கிறேன்

கேள்வி: காரிமங்கலம் ஆசிரியை

வணக்கம். காரிமங்கலம் அருகே ஒரு தனியார் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துகிறேன். என் தம்பி 2023-இல் இளங்கலைக் கணிதம் முடித்தான். அதன் பிறகு சிப்காட்டில் ஏழு மாதம் ஒப்பந்த வேலை, பிறகு வீடு, இடையிடையே ஓசூருக்கும் பெங்களூருக்கும் நேர்காணல் என்று நாட்கள் போகின்றன. வீட்டில் இருந்த காலத்தில் அவன் சும்மா இருக்கவில்லை. கைப்பேசியிலேயே படித்து 17 சான்றிதழ்கள் சேர்த்திருக்கிறான். எக்செல், பைத்தான் நிரல்மொழி, டிஜிட்டல் மார்க்கெட்டிங், செயற்கை நுண்ணறிவு அறிமுகம், 'தலைமைப் பண்பு' என்றுகூட ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் அச்செடுத்து, உறையிட்டு, ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு போகிறான். எந்த நேர்காணலிலும் ஒருவரும் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கவில்லை என்கிறான்.

இப்போது ஓர் இணையவழி நிறுவனத்தில் எட்டு மாதத் தரவுப் பகுப்பாய்வுப் படிப்பில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று நிற்கிறான். கட்டணம் 72,000 ரூபாய். மாதம் 3,000 வீதம் 24 தவணை. முடித்தால் வேலை உறுதி என்கிறார்கள். "இந்தச் சலுகை இன்று இரவோடு முடிகிறது" என்று ஒருவர் தொலைபேசியில் சொல்லத் தொடங்கி இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. வீட்டில் தக்காளி விற்ற பணம் கொஞ்சம் இருக்கிறது. தக்காளிப் பணம் எப்படிப்பட்டது என்று இந்தப் பக்கத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சந்தைக்கு இருக்கும், மறு சந்தைக்கு வண்டி வாடகைக்கே பற்றாது.

என் ஐயத்துக்குச் சொந்தக் காரணமும் உண்டு. சென்ற ஆண்டு ஆசிரியர்கள் எல்லாரும் ஏதாவது ஓர் இணையவழிப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் தர வேண்டும் என்று பள்ளியில் கேட்டார்கள். நான்கு மணி நேரக் காணொளி. ஞாயிற்றுக்கிழமை அதை ஓடவிட்டுவிட்டுத் துணி துவைத்தேன், களி கிண்டினேன், விடைத்தாள் திருத்தினேன். மாலையில் மின்னஞ்சலைத் திறந்தால், நான் சிறப்பாக நிறைவு செய்ததாகப் பாராட்டிச் சான்றிதழ் வந்திருந்தது. அந்தத் தாளையும் தம்பியின் தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. வேலை தருபவர்கள் இவற்றில் எதை மதிக்கிறார்கள்? இப்படிப் படிப்பதில் உண்மையிலேயே ஏதாவது தங்குகிறதா? 72,000 கொடுக்கலாமா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: ஓசூர் தரப்பிரிவு

வணக்கம் அம்மா. ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். பயிற்சியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் ஒன்பது ஆண்டுகளாக உட்காருகிறேன். உங்கள் தம்பியின் கோப்பை யாரும் திறக்காததில் அவமதிப்பு ஏதும் இல்லை. ஒருவருக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் தாளைப் படிப்பதைவிட ஆளிடம் பேசுவதே எங்களுக்குப் பயன் தருகிறது.

சென்ற முறை எக்செல் சான்றிதழ் வைத்திருந்த ஒருவரிடம், எங்கள் ஆலையில் குறையால் ஒதுக்கிய பாகங்களின் ஒரு மாத ரிஜெக்‌ஷன் பட்டியலைக் கொடுத்து, எந்த ஷிப்டில் எந்தக் குறை அதிகம் என்று கேட்டேன். அந்தப் பட்டியலில் வேண்டுமென்றே தேதிகளை மூன்று விதமாக எழுதி வைத்திருப்போம், ஏனென்றால் ஆலையில் தரவு அப்படித்தான் வரும். அவர் பாடத்தில் பார்த்த பட்டியல் துப்புரவாக இருந்திருக்கும் போலிருக்கிறது. முதல் வரியிலேயே நின்றுவிட்டார். அவருக்குப் பின் வந்த ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண்ணிடம் சான்றிதழே இல்லை. தேதிகளை முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, பிவட் டேபிள் (வகைவாரியாகத் தொகுத்துக் காட்டும் எக்செல் அட்டவணை) போட்டு, இரண்டாம் ஷிப்ட் என்று சொன்னார். எங்கே கற்றீர்கள் என்று கேட்டால், கூட்டுறவுச் சங்கத்தில் பால் கணக்கு எழுதும் தந்தைக்கு உதவியதில் வந்தது என்றார்.

ஆனால் எல்லாச் சான்றிதழும் ஒன்று என்றும் சொல்ல மாட்டேன். நெட்வொர்க் வேலைக்குச் சிஸ்கோவின் சி.சி.என்.ஏ., கிளவுட் (இணையவழிக் கணினிச் சேவை) வேலைக்கு அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். சான்றிதழ்கள் போன்றவற்றைப் பெயர் குறிப்பிட்டே கேட்பார்கள். சி.சி.என்.ஏ. தேர்வுக்கு 300 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும்; அடையாள அட்டையைச் சரிபார்த்து, கண்காணிப்பில் எழுத வேண்டும்; மூன்று ஆண்டுகளில் காலாவதியும் ஆகிவிடும். காணொளி பார்த்து முடித்ததற்கான தாளுக்குக் காலாவதியே கிடையாது என்பதைக் கவனியுங்கள், ஏனென்றால் அதில் காலாவதியாவதற்கு ஒன்றும் இல்லை. (இந்தத் தேர்வுகளுக்கும் பழைய வினாக்களை மனப்பாடம் செய்து போகிறவர்கள் உண்டு; அவர்களையும் இரண்டாவது கேள்வியில் கண்டுபிடித்துவிடலாம்.)

மறுமொழி 2: பர்கூர் பக்கத்து உதவிப் பேராசிரியர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் பணிபுரிகிறேன். எங்கள் கல்லூரியில் என்.பி.டி.இ.எல். படிப்புகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பும் என்னிடம் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என்.பி.டி.இ.எல். என்பது ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய திட்டம். 2014 முதல் தேர்வு நடத்திச் சான்றிதழும் தருகிறது. 2017-இல் வந்த, மத்திய அரசின் ஸ்வயம் இணையக் கல்வித் தளத்தின் வழியாக இப்போது பதிவு செய்கிறோம். பாடம் முழுவதும் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம், பொதுவாக ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். 4, 8, 12 வாரம் என்று பாடங்கள் இருக்கும்; வாரந்தோறும் ஒரு பயிற்சித்தாள் உண்டு. இறுதி மதிப்பெண்ணில் 25 அந்தப் பயிற்சித்தாள்களுக்கு, 75 தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு. பயிற்சித்தாளில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30 என்று இரண்டிலும் தனித்தனியே எடுத்தால்தான் சான்றிதழ். சான்றிதழில் இந்த இரு மதிப்பெண்களும் தனித்தனியே அச்சாகும், கியூ.ஆர். குறியீட்டைப் பார்த்து யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

மதிப்பெண்களை இப்படிப் பிரித்திருப்பதன் அருமை, எங்களைப் போல மாணவர்களோடு நாள்தோறும் பழகுபவர்களுக்குத்தான் தெரியும். பயிற்சித்தாளுக்கான விடைகள் அந்த வாரமே டெலிகிராமில் சுற்றுகின்றன. 25-க்கு 25 வாங்கிவிட்டுத் தேர்வில் 75-க்கு 22 எடுத்த மாணவர்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். விடை நகல் செய்தவர்களைத் தேர்வறை தானாகவே பிரித்துவிடுகிறது. உங்கள் தம்பியின் 17 சான்றிதழ்களில் எத்தனை, முன்பின் தெரியாத ஒருவரின் கண்காணிப்பில் எழுதிய தேர்வுக்குப் பின் வந்தவை என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்றால், வேலை தருபவருக்கு அவை தகவலே தரவில்லை என்று பொருள். இதைக் கொண்டு அவர் ஒன்றுமே கற்கவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கற்றாரா இல்லையா என்பதைச் சொல்லும் திறன் அந்தத் தாள்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படித்து மதிப்புப்புள்ளி (கிரெடிட்) பெற இடமுண்டு. நிறுவனத்துக்கு நிறுவனம் நடைமுறை வேறுபடும் என்றாலும், முறையான கல்விக்குள் இவ்வகைப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்து, மனத்தில் தங்குமா என்ற கேள்வி. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் நடத்திய திறந்தநிலை இணையப் படிப்புகளை ஆராய்ந்து 2019-இல் சயின்ஸ் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. 2017-18-இல் அவற்றில் பங்கேற்றவர்களில் படிப்பை முடித்தவர்கள் 3.13 விழுக்காட்டினர் மட்டுமே. கட்டணம் செலுத்திச் சான்றிதழுக்குப் பதிவு செய்தவர்களில் 46 விழுக்காட்டினர் முடித்திருந்தனர். இதைக் காட்டிப் "பணம் கட்டினால் முடித்துவிடுவாய்" என்று விற்பவர்கள் உண்டு. முடிக்க வேண்டும் என்ற உறுதி முன்பே இருப்பவர்தான் பணம் கட்டுகிறார் என்றும் அதே எண்ணை வாசிக்கலாம். நான் இரண்டாவது வாசிப்பின் பக்கம்.

முடிப்பது வேறு, தங்குவது வேறு. நீங்களும் ஆசிரியை என்பதால் இது உங்களுக்குப் புதிதாக இருக்காது. ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதோ, படித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் கூடுதலாகச் சொன்னார்கள். காணொளி பார்ப்பது முதல் வகை. பார்க்கும்போது எல்லாம் புரிவது போலவே இருக்கும், ஏனென்றால் தடுமாற்றம் இல்லாமல் சொல்பவர் அவர். தடுமாற வேண்டியவர் நாம், அதற்கு அங்கே வாய்ப்பே இல்லை. பத்து நிமிடம் பார்த்தால் நிறுத்திவிட்டு, வெற்றுத் திரையில் அதே நிரலைத் தாமாக எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் இது நடக்காது. பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கித் தருவது 72,000 ரூபாய்ப் படிப்பைவிட முன்னதாகச் செய்ய வேண்டிய செலவு என்பது என் கருத்து.

கணிதம் படித்தவருக்கு என்.பி.டி.இ.எல்.-இல் நல்ல தொடக்கங்கள் உண்டு. சென்னை கணிதக் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் நிரலாக்கம், தரவுக் கட்டமைப்பு பற்றிய 8 வாரப் பாடம் சற்றுக் கடினம். கணிதப் பின்னணி இருந்தால் பிடித்துக்கொள்ளலாம். ஆங்கில விரிவுரை தடையாக இருந்தால், ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன. எக்செல் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் கால்க் முதல் பைத்தான் வரை உண்டு. ஒரு பக்கம் காணொளி, மறுபக்கம் மென்பொருள் என்று திரையைப் பிரித்து வைத்துக்கொண்டு உடனுக்குடன் செய்து பார்க்கும்படியே அவற்றை அமைத்திருக்கிறார்கள்.

மறுமொழி 3: அரூரிலிருந்து ஒருவன்

அக்கா, மற்றதெல்லாம் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். தவணையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் படிப்பு நிறுவனத்துக்குத் தவணை கட்டப் போவதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பெரும்பாலும் அப்படி இருக்காது. உங்கள் தம்பியின் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கடன் கொடுக்கும். அந்தத் தொகை மொத்தமாகப் படிப்பு நிறுவனத்துக்குப் போய்விடும். பிறகு வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் உங்கள் தம்பி அந்த நிதி நிறுவனத்துக்குக் கடன்காரர். எனக்கு முதல் ஆறு வாரம் நேரலை வகுப்பு நடந்தது. பிறகு பதிவு செய்த காணொளிகளை அனுப்பினார்கள். ஐயம் கேட்டால் இரண்டு நாள் கழித்து ஒரு இணைப்பு வரும். மூன்றாம் மாதம் நான் விலகிக்கொள்கிறேன் என்று எழுதியபோதுதான், படிப்பிலிருந்து விலகலாம், கடனிலிருந்து விலக முடியாது என்று தெரிந்தது. ஒரு மாதம் பணம் இல்லாததால், கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கும் தானியங்கிப் பற்று திரும்பி, வங்கி தனியாகக் கட்டணம் பிடித்தது. கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் இறங்கியது.

'வேலை உறுதி' என்பதன் கீழே பொடி எழுத்தில் இருந்த நிபந்தனைகளை நான் கையெழுத்திட்ட பிறகுதான் படித்தேன். எல்லா வகுப்புக்கும் வருகை, எல்லாத் தேர்விலும் குறிப்பிட்ட மதிப்பெண், அவர்கள் காட்டும் எந்த ஊர் வேலையையும் மறுக்கக் கூடாது; ஒன்று தவறினாலும் உறுதி செல்லாது. தரவுப் பகுப்பாய்வு என்று சொல்லி எனக்குக் காட்டிய முதல் வேலை, இதே போன்ற படிப்புகளைத் தொலைபேசியில் விற்கும் வேலை. உங்களுக்குப் பதினொரு நாளாகப் பேசுகிறாரே, அவரும் ஒருவேளை என்னைப் போல ஒருவராக இருக்கலாம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் டிஜிட்டல் கடன்களுக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. கடனின் மொத்தச் செலவைக் காட்டும் முக்கிய விவரத் தாளை முன்னதாகவே தர வேண்டும். கடன் வாங்கியதும், ஒப்பந்தத்தில் குறித்துள்ள குறுகிய காலத்துக்குள் மனம் மாறினால், அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி, அபராதம் இல்லாமல் வெளியேறலாம். எனக்கு அன்று இது தெரியாது. 2021 டிசம்பரில் மத்தியக் கல்வி அமைச்சகமும், கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களுக்குத் தானியங்கிப் பற்று முறையில் பணம் செலுத்துவதைத் தவிர்க்கும்படி எச்சரித்திருக்கிறது.

மறுமொழி 4: தட்டச்சுப் பயிலகம், தருமபுரி

இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறேன். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ஆங்கில இளநிலைத் தேர்வில் நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலையில் 45 சொல். தேர்வு மையத்தில், மணி அடித்ததும், எல்லாருக்கும் நடுவில் அடித்தாக வேண்டும். விரல் போகவில்லை என்றால் எந்தப் பயிலகத்தின் பெயரும் காப்பாற்றாது. முதுநிலைச் சான்றிதழை நீட்டும் பையனிடம் "உனக்கு உண்மையிலேயே தட்டச்சுத் தெரியுமா?" என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இணையத்தில் தட்டச்சு கற்றுக்கொண்டு நேராகத் தேர்வுக்கு வந்து தேறிய பிள்ளைகளும் உண்டு. எங்கே கற்றார்கள் என்பதில் எனக்கு வருத்தமில்லை, இருக்கை காலியாக இருப்பதில் மட்டும் கொஞ்சம் வருத்தம்.

மறுமொழி 5: கெலமங்கலம் பெண், இப்போது பெங்களூரில்

எல்லாரும் சான்றிதழைச் சற்று அதிகமாகவே தள்ளிவைக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. ஓசூர் ஐயா நேர்காணலில் உட்கார்ந்திருப்பவர். அவர் முன்னால் போய் உட்காரும் வரை நடப்பதை அவர் பார்ப்பதில்லை. பெயர் தெரியாத கல்லூரியில் படித்த எங்களைப் போன்றவர்களின் விண்ணப்பத்தை முதலில் வடிகட்டுவது ஒரு மென்பொருளோ, துறை தெரியாத ஓர் அலுவலரோதான். அங்கே எஸ்.கியூ.எல். (தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழி) என்ற சொல்லும் அதற்கொரு சான்றும் இல்லாவிட்டால் நம்மிடம் எவ்வளவு திறமை இருந்தும் பயனில்லை. அந்த வாசலைத் தாண்ட எனக்கு இரண்டு சான்றிதழ்கள் உதவின. மூன்றாவது தேவைப்படவில்லை, பதினேழு நிச்சயமாகத் தேவைப்பட்டிருக்காது. பதினேழைப் பார்த்தால், எதிலும் நிலைத்து நிற்காதவர் என்ற எண்ணம்தான் எழும். கடுமையாகச் சொல்வதற்கு மன்னிக்கவும்.

வாசலைத் தாண்டிய பிறகு எனக்கு வேலை வாங்கித் தந்தது தக்காளி. என் மாமா இராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி கொண்டுபோகிறவர். பெட்டிக்கு என்ன விலை கிடைத்தது என்று டைரியில் எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவர். மூன்று ஆண்டு டைரிகளை நான் கணினியில் ஏற்றினேன். மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களின் அன்றாட விலைகள் இருக்கின்றன. அவற்றையும் எடுத்து, கோலார் பக்கத்து விலையோடு மாமாவின் விலையை ஒப்பிட்டு ஒரு வரைபடம் செய்தேன். டைரியில் சில நாட்கள் விடுபட்டிருந்தன, சில இடங்களில் கிலோவா பெட்டியா என்றே தெரியவில்லை. அதையெல்லாம் எப்படிச் சரிசெய்தேன் என்று நேர்காணலில் இருபது நிமிடம் கேட்டார்கள். சான்றிதழைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனால் விடுபட்ட நாட்களை வெறும் சுழியம் என்று போட்டுவிடக் கூடாது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது, நான் இலவசமாகப் பார்த்த ஓர் இணையப் பாடம்தான். அதையும் சொல்லாமல் விட்டால் நன்றி மறந்ததாகும்.

கேட்டவரின் பதில்: காரிமங்கலம் ஆசிரியை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு உங்கள் மறுமொழிகளைத் தம்பியிடம் காட்டினேன். அரூர் தம்பி எழுதியதைப் படித்ததும், எங்களுக்கு வந்திருந்த ஒப்பந்தப் படிவத்தைத் தேடி எடுத்தான். அதிலும் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் ஆறாம் பக்கத்தில் இருக்கிறது. தொலைபேசியில் பேசியவர் அதை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. 72,000 என்ற பேச்சு அத்தோடு நின்றது.

பிறகு 17 தாள்களையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் எதையாவது இப்போதே செய்து காட்ட முடியுமா என்று பார்த்தோம். மூன்று தேறின. முதலில் முகம் வாடினான். எக்செல் அந்த மூன்றில் ஒன்று என்றதும் தெளிந்தான். எங்கள் அப்பா டைரி எழுதுபவர் அல்லர்; ஆனால் பாலக்கோடு மண்டியில் தந்த சீட்டுகளை ஒரு கம்பியில் குத்திச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறார், எத்தனை ஆண்டுச் சீட்டு என்று அவருக்கே தெரியாது. அதை இறக்கிக் கொடுத்திருக்கிறார். பாதிச் சீட்டில் மை அழிந்திருக்கிறது.

பேராசிரியரிடம் ஒரு கேள்வி. கல்லூரியில் படிக்காத, வெளியில் இருப்பவர் என்.பி.டி.இ.எல். தேர்வு எழுத முடியுமா? தேர்வு மையத்துக்குச் சேலம் வரை போக வேண்டியிருக்குமா?

மறுமொழி 6: பர்கூர் பக்கத்து உதவிப் பேராசிரியர்

யார் வேண்டுமானாலும் எழுதலாம். கல்லூரி அடையாள அட்டை தேவையில்லை. ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரு முறை பாடங்கள் தொடங்கும். பாடத்தில் சேர்வது ஒரு பதிவு, தேர்வுக்குக் கட்டணம் செலுத்துவது தனிப் பதிவு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவோர் ஒவ்வொரு பருவமும் என்னிடம் வந்து நிற்கிறார்கள், கடைசித் தேதிக்குப் பின் ஒன்றும் செய்ய முடியாது. படிவத்தில் நகரங்களின் பட்டியல் வரும். அருகில் உள்ளதை முதல் விருப்பமாகக் கொடுத்து, சேலத்தையும் சேர்த்து வையுங்கள். மை அழிந்த சீட்டுகளை எறிந்துவிட வேண்டாம். அவை எந்தெந்த நாளுக்குரியவை என்றாவது குறித்து வைக்கச் சொல்லுங்கள்.